ஒரு சார்டின் டின்னும் 1,290 வெள்ளியும்

கிள்ளான் துறைமுகம் பக்கம் உள்ள ஒரு லோரி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். லோரி ஓட்டுநர்கள் என்னைக் 'கிராணி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வாடிக்கையாளர் எத்தனை மாதம் பாக்கி வைத்திருக்கிறார், யாருக்கு நினைவூட்டுக் கடிதம் போட வேண்டும், யாரிடம் தன்மையாகப் பேச வேண்டும், யாரிடம் குரலை உயர்த்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. வீட்டிலும் அப்படித்தான். மின்சார பில், தண்ணீர் பில், காடிக் கடன் எதுவும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்லை.

அப்படிப்பட்ட நான், 2018இல் என் கடன் பற்று அட்டை பில்லை ஒன்பது மாதம் கட்டாமல் விட்டேன். மறதியால் அல்ல. கையில் காசில்லாமலும் அல்ல. வேண்டுமென்றே கட்டவில்லை.

அதற்கு எங்கள் குடும்பம் என்ன விலை கொடுத்தது என்பதை இப்போது எழுதுகிறேன். மகனிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் அந்த விலையில் பெரும்பகுதியைக் கட்டியவன் அவன்தான்.

2018 மார்ச் மாதம். அரசாங்க கிளினிக்கில் டாக்டர் என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது அம்மா, உடம்பை அசைக்கணும்" என்றார். அந்த வாரக் கடைசியில் ஒரு பேரங்காடிக்குப் போனபோது, மின்படிக்கட்டு ஓரத்தில் ஓர் உடற்பயிற்சி நிலையத்தின் மேசை. "ஆன்ட்டி, கொஞ்சம் நில்லுங்க" என்று ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். ஓராண்டுச் சந்தா 1,290 வெள்ளி. "பிடிக்கலன்னா ஒரு வாரத்துக்குள்ள வந்து சொல்லுங்க ஆன்ட்டி, கேன்சல் பண்ணிடலாம்." நம்பினேன். அட்டையைக் கொடுத்தேன். ஆறு இலக்கப் பின் எண்ணையும் நானே அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புத்தி வந்தது. வேலை முடிந்து அந்த நெரிசலில் காடி ஓட்டிக்கொண்டு போய், முட்டி வலியோடு மூன்றாம் மாடி ஏறி, நான் எங்கே உடற்பயிற்சி செய்யப்போகிறேன்? மூன்றாம் நாளே போய் ரத்து செய்யச் சொன்னேன். அந்தப் பெண் முகம் கோணாமல் என் உறுப்பினர் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "சரி ஆன்ட்டி, பில்லுல வராது" என்றாள். அலுவலகத்தில் ஐம்பது வெள்ளி வாங்கினாலும் ரசீது இல்லாமல் விடாத நான், ஒரு துண்டுக் காகிதம்கூட வாங்காமல் வீடு திரும்பினேன்.

ஏப்ரல் பாதியில் பில் வந்தது. உடற்பயிற்சி நிலையம், 1,290 வெள்ளி. அதற்குக் கீழே நான் பெட்ரோல் போட்ட 86 வெள்ளி 40 சென். மொத்தம் 1,376 வெள்ளி 40 சென். குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 5 விழுக்காடு, அதாவது 68 வெள்ளி 82 சென். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் அன்று அவற்றைச் சரியாகப் பார்க்கத் தவறிவிட்டேன்.

நிலையத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாளாம். மேலாளர், "ஒப்பந்தத்தில் பணம் திரும்பத் தரப்படாது என்று எழுதியிருக்கிறது, கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?" என்றார். வங்கிக்குப் போன் செய்தேன். இருபது நிமிடம் இசை கேட்ட பிறகு ஓர் இளைஞன் பேசினான்.

"புவான், பின் எண்ணை அழுத்தியது நீங்கள்தானா?"

"ஆமாம். ஆனா ரத்து பண்ணிட்டேன்."

"அப்படியானால் இது அனுமதியில்லாத பரிவர்த்தனை இல்லை. வியாபாரியோடு உள்ள தகராறு. படிவம் அனுப்புகிறேன். ரத்து செய்ததற்கான ஆதாரத்தோடு திருப்பி அனுப்புங்கள்."

அவன் சொன்ன வித்தியாசம் எனக்கு அன்று உறைக்கவில்லை. அட்டை தொலைந்துபோய் அல்லது திருட்டுப்போய் வேறு யாராவது அதைப் பயன்படுத்தியிருந்தால், நாம் உடனே தெரிவித்திருக்கும் பட்சத்தில் பேங்க் நெகாராவின் விதிகள் நமக்குப் பாதுகாப்பு தருகின்றன. ஆனால் நாமே அட்டையை நீட்டி, நாமே பின் எண்ணை அழுத்திவிட்டு, பிறகு 'அந்தச் சேவை வேண்டாம்' என்று சொல்வது வேறு வழக்கு. அதில் வங்கி நமக்காக வியாபாரியின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதற்கு நாம் எழுத்தில் கேட்க வேண்டும், ஆதாரம் தர வேண்டும், காலக்கெடுவுக்குள் தர வேண்டும்.

படிவம் மின்னஞ்சலில் வந்தது. 'ரத்துக் கடிதத்தின் நகல்' என்ற வரியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏமாற்றியவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான், ஆதாரம் நான் தர வேண்டுமா? படிவத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

"கட்டிட்டு அப்புறம் சண்டை போடேன்" என்றார் என் கணவர்.

"கட்டிட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றேன். பிறகு, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கதையை அவருக்கு மறுபடியும் சொன்னேன்.

என் அப்பா கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்துக் கடையில் மாதம் முழுக்கக் கடனுக்குச் சாமான் வாங்குவோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு 555 புத்தகம். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று கடைக்காரர் அதில் எழுதிக்கொண்டே வருவார். சம்பள நாளில் கூட்டிச் சொல்வார். அப்பா கட்டுவார்.

ஒரு மாதம் நாங்கள் வாங்காத ஒரு பெரிய சார்டின் டின் எங்கள் கணக்கில் ஏறியிருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. "நான் திங்காத மீனுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?" என்று அப்பா கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. அவர் கட்டவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரரே எங்கள் லயத்துக்கு வந்து, வேறு வீட்டுக் கணக்கு மாறி ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எங்கப்பா கட்டல. நானும் கட்ட மாட்டேன்" என்று கணவரிடம் முடித்தேன்.

பில் கட்ட வேண்டிய நாள் மே முதல் வாரத்தில் வந்தது. நாடே 14ஆவது பொதுத் தேர்தல் பரபரப்பில் இருந்தது. மே 9ஆம் தேதி இரவு எல்லாரும் தொலைக்காட்சி முன் விழித்துக்கொண்டிருந்தோம். என் பில்லைப் பற்றி யார் நினைத்தார்கள்? நான் 1,290 வெள்ளியை மட்டுமா கட்டாமல் விட்டேன்? என்னுடைய பெட்ரோல் காசு 86 வெள்ளி 40 சென்னையும் சேர்த்துத்தான் விட்டேன். பில் மொத்தமும் எனக்கு எதிரியாகிவிட்டது.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பில்லில் இரண்டு புதிய வரிகள் இருந்தன. தாமதக் கட்டணம், மொத்தப் பாக்கியில் 1 விழுக்காடு. அது 10 வெள்ளிக்குக் குறையாது, 100 வெள்ளிக்கு மேல் போகாது. அதோடு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. ஒழுங்காகக் கட்டி வந்தவர்களுக்கு 15 விழுக்காடுதான். ஒரு மாதம் தவறியதும் நான் அந்த வரிசையிலிருந்து இறங்கத் தொடங்கினேன். மாதம் முப்பத்தைந்து வெள்ளி போலப் பாக்கி வளர்ந்தது. 'வளரட்டும், நான் கொடுக்கப்போவதில்லை' என்று இருந்தேன்.

மூன்றாம் மாதம் பெட்ரோல் நிலையத்தில் அட்டை வேலை செய்யவில்லை. நான்காம் மாதம் அலுவலகத்துக்கே போன் வந்தது. முதலாளி எதிர் மேசையில் இருந்தார். மறுமுனையில் பேசிய பெண்ணின் குரலில் இருந்த தன்மை எனக்கு நன்றாகத் தெரிந்த தன்மை. பாக்கி வைத்தவர்களிடம் நான் பேசும் அதே தன்மை. சத்தம் போடுவதற்கு முந்தைய மாதத்துத் தன்மை.

"இது தகராறுல இருக்கிற தொகை. நான் ஏப்ரல்லயே சொல்லிட்டேன்" என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னேன்.

"எங்கள் கணினியில் அப்படி எதுவும் பதிவாகவில்லையே, புவான்" என்றாள்.

உண்மைதான். எப்படிப் பதிவாகும்? படிவம் என் மின்னஞ்சலில் அல்லவா கிடந்தது! நான் ஏப்ரலில் போனில் கத்தியது ஒரு போன் அழைப்பு, அவ்வளவுதான். அது மறுப்பு ஆகாது. வங்கியைப் பொறுத்தவரை நான் நியாயம் கேட்கும் வாடிக்கையாளர் அல்ல. கட்டாதவர்களில் ஒருத்தி. கட்ட மாட்டேன் என்பவரும் கட்ட முடியாதவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

பிறகு வசூல் நிறுவனத்தின் கடிதங்கள் வரத் தொடங்கின. தபால்காரர் வரும் நேரம் பார்த்து நானே வாசலுக்குப் போய் எடுத்து, அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். நியாயத்துக்காகப் போராடுகிறவள் கடிதங்களை ஏன் ஒளித்துவைக்க வேண்டும் என்று அப்போது என்னையே கேட்டிருந்தால், பதில் கிடைத்திருக்கும்.

2019 தொடக்கத்தில் என் மகனுக்குத் திருமணம் நிச்சயமானது. ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருந்தான். மேரு பக்கம் ஓர் ஒற்றை மாடி வரிசை வீட்டைப் பார்த்திருந்தான். மூலை வீடு இல்லை, பெரிய வீடு இல்லை, ஆனால் முன்னால் ஒரு மாமரம் இருந்தது. மருமகளாக வரவிருந்த பெண்ணும் அவள் பெற்றோரும் வந்து பார்த்துவிட்டு, சாமி அறை எங்கே வைக்கலாம் என்றுகூடப் பேசிவிட்டார்கள். அவன் ஒருவன் சம்பளத்துக்கு அந்தக் கடன் கிடைக்காது. "அம்மா, உங்க பேரையும் சேர்த்துப் போடலாமா?" என்று கேட்டான்.

"அதுக்கென்னப்பா" என்றேன். என் சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை எல்லாவற்றையும் பெருமையாக அடுக்கிக் கொடுத்தேன். நம்புங்கள், அந்த நேரத்தில் உடற்பயிற்சி நிலையத்து விவகாரம் என் நினைவில் ஓர் ஓரத்தில்கூட இல்லை. எனக்கு அது ஒரு சண்டை. கடன் என்று நான் அதை நினைத்ததே இல்லை.

முதல் வங்கி மறுத்தது. இரண்டாவது வங்கியும் மறுத்தது. இரண்டாவது வங்கியில் இருந்த தமிழ்ப் பையன்தான் மகனைத் தனியே கூப்பிட்டு, "அண்ணே, உங்களோடது சுத்தமா இருக்கு. அம்மாவோட சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையை ஒருதடவை எடுத்துப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறான்.

நானும் மகனும் பேங்க் நெகாராவுக்குப் போனோம். மைகாட்டைக் கொடுத்து, கட்டைவிரலை வைத்து, காசில்லாமலே அறிக்கையை வாங்கினோம். சி.சி.ஆர்.ஐ.எஸ். என்பது பேங்க் நெகாரா 2001இல் தொடங்கிய கடன் தகவல் பதிவு. வங்கிகளில் நாம் வாங்கிய ஒவ்வொரு கடனையும் கடந்த 12 மாதங்களில் எப்படிக் கட்டினோம் என்று அதில் இருக்கும். பலர் நினைப்பதுபோல் அது கறுப்புப் பட்டியல் அல்ல. இவருக்குக் கடன் கொடு, அவருக்குக் கொடுக்காதே என்று அது சொல்வதில்லை. எத்தனை மாதம் பாக்கி என்று ஓர் எண்ணை மட்டும் காட்டும். முடிவெடுப்பது அந்த எண்ணைப் பார்க்கும் வங்கி.

என் வீட்டுக் கடனுக்கு நேரே வரிசையாகப் பூச்சியங்கள். காடிக் கடனுக்கு நேரேயும் பூச்சியங்கள். அட்டைக்கு நேரே இருந்தது இது: 0, 0, 0, 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9.

பாலர் பள்ளிப் பிள்ளை எண்ணக் கற்றுக்கொள்வதுபோல் ஏறிப் போகும் அந்த எண்களில், உடற்பயிற்சி நிலையம் இல்லை. ஏமாற்றிய பெண் இல்லை. என் முட்டி வலி இல்லை. என் நியாயம் எதுவுமே அங்கே இல்லை.

மகன் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காடியில் வரும்போது ஒன்று மட்டும் கேட்டான்.

"எவ்வளவும்மா?"

"1,290."

கொஞ்ச தூரம் போன பிறகு, "என்கிட்ட சொல்லியிருந்தா நானே கட்டியிருப்பேனே" என்றான்.

"அதுக்குத்தான் சொல்லல" என்றேன். அது எவ்வளவு முட்டாள்தனமான பதில் என்பது சொல்லும்போதே தெரிந்தது.

மறுநாளே பாக்கி முழுவதையும் கட்டினேன். வட்டி, தாமதக் கட்டணம், அட்டைக்கான ஆண்டுச் சேவை வரி 25 வெள்ளி எல்லாம் சேர்ந்து 1,700 வெள்ளியைத் தாண்டியிருந்தது. கட்டியதும் கணக்கு முடிந்தது. ஆனால் அந்த எண்கள் உடனே அழியாது. ஒவ்வொரு மாதமும் பழைய எண் ஒன்று பின்னால் விழுந்து, புதிய எண் ஒன்று முன்னால் சேர வேண்டும். ஒன்பது மாதத் தவறு முழுக்க மறைய ஓர் ஆண்டு ஆகும். வீட்டுக்காரர் ஓர் ஆண்டு காத்திருப்பாரா? மூன்று வாரத்தில் வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். முன்பணம் திரும்பக் கிடைத்தது, அந்த மட்டும் பிழைத்தோம். சம்பந்தி வீட்டில் என்ன காரணம் சொன்னான் என்று மகன் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

அந்த வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "அப்பா மாதிரி நியாயத்துக்காக நின்னேன் அக்கா, எனக்கு இப்படி ஆயிடுச்சு" என்று அழுதேன்.

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்பா என்ன செஞ்சாருன்னு உனக்குத் தெரியுமா? நீ வாசல்ல ஐஸ் தின்னுக்கிட்டு இருந்த. உள்ள நின்னது நான்."

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பள நாளில் 555 புத்தகத்தை அவருக்கு வரி வரியாகப் படித்துக் காட்டுவது அக்காவின் வேலை. சார்டின் டின்னைக் கண்டுபிடித்ததே அக்காதான். அப்பா, "நான் திங்காத மீனுக்கு" என்று சத்தம் போட்டது உண்மை. அதுவரைதான் எனக்குக் கேட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை அக்கா சொன்னார். அப்பா கடைக்காரரிடம் பென்சிலைக் கேட்டு வாங்கி, அக்கா காட்டிய அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் கடைக்காரரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு வட்டத்துக்கு வெளியே இருந்த ஒவ்வொரு சாமானுக்கும் கடைசிச் சென் வரை எண்ணி வைத்தார். "இது ஒன்னை மட்டும் விட்டு வைக்கிறேன் மொதலாளி. விசாரிங்க. என்னோடதுன்னு தெரிஞ்சா அடுத்த சம்பளத்துல கட்டிடுறேன்" என்றார். அந்த இரண்டு வாரமும் வேலை முடிந்து வரும்போது ஒருநாள் விடாமல் கடையில் நின்று, "விசாரிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

"அவரு நச்சரிப்பு தாங்காமத்தான் கடைக்காரர் மத்த வீட்டுப் புத்தகங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தாரு" என்று அக்கா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகளாக நான் பாதிக் கதையை வைத்துக்கொண்டு பெருமைப்பட்டிருக்கிறேன். அப்பா கட்ட மறுத்தது எனக்கு நினைவிருந்தது. எப்படி மறுத்தார் என்பதுதான் முக்கியமான பாதி. அதை நான் வாசலிலேயே விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த ஏப்ரல் மாதத்துப் பில்லை எடுத்துப் பார்த்தேன். என் பெட்ரோல் காசு 86 வெள்ளி 40 சென். குறைந்தபட்சத் தொகை 68 வெள்ளி 82 சென். நான் ஒத்துக்கொள்ளும் தொகையை மட்டும் கட்டியிருந்தாலே, அந்த மாதம் என் கணக்கில் பாக்கி விழுந்திருக்காது. படிவத்தையும் அனுப்பியிருந்தால், வங்கி விசாரிக்கத் தொடங்கியிருக்கும். முடிவு தெரியும்வரை மாதா மாதம் குறைந்தபட்சத்தைக் கட்டிக்கொண்டு, 'மறுப்பின் பேரில் கட்டுகிறேன்' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கட்டுவது ஒத்துக்கொள்வது ஆகாது. எழுத்தில் மறுத்துவிட்டுக் கட்டுகிறவரின் மறுப்பு, மறுப்பாகவே நிற்கும்.

ஆதாரம்? அதையும் மகன்தான் கண்டுபிடித்தான். என் கைப்பேசியை வாங்கி, 2018 மார்ச் மாதத்து வாட்ஸ்அப் செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனான். மூன்றாம் நாள் கிளம்புவதற்கு முன் அந்தப் பெண்ணுக்கு நான் அனுப்பிய செய்தியும், மதியம் அவள் அனுப்பிய பதிலும் இருந்தன. 'ஓகே ஆன்ட்டி, கேன்சல் பண்ணியாச்சு, கவலைப்படாதீங்க.' அந்தப் படிவம் கேட்ட ஆதாரம் அந்த ஓர் ஆண்டும் என் கைப்பையிலேயே இருந்திருக்கிறது. கோபத்தில் தேடத் தோன்றவில்லை.

வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் காலம் கடந்துவிட்டது. அட்டை நிறுவனங்களின் விதிப்படி பெரும்பாலான தகராறுகளுக்கு 120 நாள்தான். வங்கியே நமக்கு அதைவிடக் குறைந்த கெடுவும் வைத்திருக்கும். மகன் விடவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வியாபாரிமீது வழக்குப் போடலாம், மூன்று ஆண்டுக் கெடு இருக்கிறது என்று கண்டுபிடித்தான். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை.

விசாரணை நாளில் மேலாளர், 'பணம் திரும்பத் தரப்படாது' என்ற வரியை நீட்டினார். நான் வாட்ஸ்அப் செய்தியை அச்சடித்து நீட்டினேன். இனிமேல் தொடர்ந்து வழங்கப்படவுள்ள சேவைக்கான ஒப்பந்தத்தை வாங்கியவர் ரத்து செய்யலாம் என்று 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ரத்து செய்தால் வியாபாரி ஒப்பந்த விலையில் 5 விழுக்காட்டையும், ஏற்கெனவே பயன்படுத்தியதற்கான தொகையையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நான் ஒரு நாளும் அங்கே போய்ப் பயிற்சி செய்ததில்லை. 64 வெள்ளி 50 சென் கழித்து, 1,225 வெள்ளி 50 சென் திரும்பத் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இரண்டு வாரத்தில் பணமும் வந்தது.

ஜெயித்துவிட்டேன். ஆனால் அந்த 64 வெள்ளி 50 சென் எனக்கு ஒன்றைச் சொன்னது. ஒரு சென்கூடக் கொடுக்க வேண்டியதில்லை என்று ஓர் ஆண்டு பிடிவாதம் பிடித்தேனே, சட்டத்தின் கணக்கிலும் அது முழுக்கச் சரியில்லை. நாம் எவ்வளவு சரி என்பதை விசாரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்குத்தான் விசாரணை. அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. 'என்னோடதுன்னு தெரிஞ்சா கட்டிடுறேன்' என்றாரே.

எங்கள் அலுவலகத்தில் இந்தக் கதை தெரிந்த பிறகு, பில்லைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஓட்டுநர் தம்பிகளுக்கு நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். கோபம் வந்த அன்றே வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒரு பதிவு எண் வாங்குங்கள். உங்கள் தொகையைக் கட்டுங்கள், குறைந்தபட்சத்துக்குக் கீழே விடாதீர்கள். வங்கியின் இறுதிப் பதில் உங்களுக்குச் சரியாகப் படவில்லையா, ஆறு மாதத்துக்குள் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். முன்பு ஓ.எஃப்.எஸ். என்று இருந்தது, 2025 ஜனவரி முதல் எஃப்.எம்.ஓ.எஸ். என்று மாறியிருக்கிறது. நமக்குக் கட்டணம் கிடையாது. ஏற்கெனவே பாக்கி ஏறிப்போய்ப் பயந்து கிடப்பவர்கள் ஏ.கே.பி.கே.வுக்குப் போகலாம். 2006இல் பேங்க் நெகாரா அமைத்தது, ஆலோசனை இலவசம். கடிதங்களைப் புடவைக்கு அடியில் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

2020 தொடக்கத்தில் என் அறிக்கையில் மறுபடியும் எல்லாம் பூச்சியமாகியது. அடுத்த மாதமே நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. மகனின் கல்யாணம் தள்ளிப்போய், சின்னதாக நடந்தது. 2021இல் அவனும் மருமகளும் சேர்ந்து ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினார்கள். என் பெயர் தேவைப்படவில்லை. 'அம்மாவையும் சேர்த்துப் போடலாமா' என்று அவன் இந்த முறை கேட்கவும் இல்லை. அது கோபத்தால் அல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும், அன்று சாவி வாங்கிய படத்தைக் கைப்பேசியில் பார்த்தபோது நெஞ்சில் ஏதோ ஒன்று குத்தியது.

மேரு பக்கம் போக வேண்டியிருந்தால் இப்போதும் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். ஒருமுறை வழி தவறி அதில் நுழைந்துவிட்டேன். மாமரம் காய்த்திருந்தது. வேறு யாருடைய பிள்ளையோ கீழே நின்று கல்லெறிந்துகொண்டிருந்தது.

என் மேசை இழுப்பறையில் இப்போது ஒரு பென்சில் தனியாக இருக்கிறது. பில் வந்ததும் வரி வரியாகப் படிக்கிறேன். போன மாதம், நான் கேட்காத ஒரு காப்புறுதிக்கு 12 வெள்ளி பிடித்திருந்தார்கள். பென்சிலை எடுத்து அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். மீதியைக் கடைசிச் சென் வரை கட்டினேன். அன்றைக்கே வங்கிக்கு எழுதினேன். வாரம் ஒருமுறை போன் செய்து, "விசாரிச்சீங்களா?" என்று கேட்டேன்.

மூன்றாவது வாரம் 12 வெள்ளி திரும்ப வந்தது. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "இப்பத்தான் நீ ஐஸைக் கீழ வச்சிட்டு உள்ள வந்திருக்க" என்றார்.